அம்மா எங்கே இருக்காங்க?

மேல்மலையனூர் அமாவாசை இரவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பல ஊர்களிலிருந்து ஸ்பெஷல் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். நள்ளிரவை ஒட்டி அங்காளம்மனை ஊஞ்சலில் உட்கார வைத்துத் தாலாட்டுப் பாடுவார்கள். கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் எலுமிச்சம்பழத்தின் மேல் கற்பூரத்தை ஏற்றிக் கையில் பிடித்திருப்பார்கள்.

அப்படி ஒரு அமாவாசையில்தான் என் அத்தை மகன் கையில் எரியும் கற்பூரத்தை வைத்துக்கொண்டு ஒரு பொய் சொன்னான்.

ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “என்னப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரலியா? அம்மா எங்கே இருக்காங்க?”

“என்கூடதான் இருக்காங்க பெரியப்பா, சென்னையில. முட்டிவலி. பஸ்ல உக்கார முடியாதேன்னு விட்டுட்டு வந்தேன்.”

பக்கத்தில் நின்ற எனக்கு உண்மை தெரியும். அத்தை அவன் வீட்டில் இல்லை. தாம்பரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சும்மா இல்லம் என்று சொல்லக்கூடாதாம், ‘அசிஸ்டட் லிவிங்’ என்று சொல்ல வேண்டுமாம். குளிக்க, உடுத்த, மாத்திரை போட, நடக்க ஆள் வைத்து உதவுகிற இடம்.

என் அத்தை மகன் செய்தது தப்பில்லை. சொன்ன பொய்தான் தப்பு. அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிற வெட்கம் இருக்கிறதே, அது ஒரு பெரிய வியாபாரத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

அத்தைக்கு வயது 78. மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆகி இறந்தவர். குடும்ப பென்ஷன் மாதம் 21 ஆயிரம் வருகிறது. மேல்மலையனூரில் சொந்த வீடு, ஒன்றரை ஏக்கர் நிலம். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. சென்னையில் ஆபரேஷன். மகன், மருமகள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

“நாளைக்கு டிஸ்சார்ஜ்” என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் இடம் தேட ஆரம்பித்தோம். இரண்டு நாளில் நான்கு இடம் பார்த்தோம். பார்த்தோம் என்பதுகூடப் பொய். நான்கு இடத்தில் ரிசப்ஷனைப் பார்த்தோம். அங்கே மீன்தொட்டி இருந்தது, ஏ.சி. இருந்தது, சிரித்த முகமாக ஒரு பெண் இருந்தார். இரவு எட்டு மணிக்கு அத்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பதினாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு ஒப்பந்தம் நீட்டினார்கள். இரண்டு படித்த ஆம்பளைங்க, ஒரு வரி படிக்காமல் பதினாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டோம்.

ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். உள்ளே திறந்து பார்க்கிறோம். வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று கேட்கிறோம். அம்மாவைச் சேர்க்கும்போது மட்டும் ஏன் எதுவும் கேட்பதில்லை?

வெட்கம்தான் காரணம். ‘நாம் ஒரு பாவம் செய்கிறோம், சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்புவோம்’ என்கிற அவசரம். குற்றவாளி மாதிரிக் கூனிக் குறுகி நிற்கிறவன் எப்படி ரேட் கேட்பான்? எப்படி சமையல்கட்டைக் காட்டு என்பான்? எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். நம் வெட்கத்தை அவர் முதல் பார்வையிலேயே எடை போட்டுவிடுகிறார்.

முதல் இல்லத்தில் ஆறே வாரத்தில் அத்தைக்கு முதுகில் படுக்கைப்புண். புரட்டிப் படுக்க வைக்க ராத்திரியில் ஆள் இல்லை. கேட்டால், “அட்டெண்டர் தனியா போட்டுக்கணும் சார், அக்ரிமென்ட்லயே இருக்கே” என்றார்கள். இருந்தது, ஒன்பதாவது பக்கத்தில். வேறு இடத்துக்கு மாற்றினோம். கட்டிய மூன்று லட்சம் டெபாசிட்டில் ‘பராமரிப்புக் கழிவு’ போக மீதிதான் திரும்பி வந்தது. அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது. யாரிடம் புகார் செய்வது என்று யோசித்தோம். புகார் செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றும் யோசித்தோம். இரண்டாவது யோசனைதான் ஜெயித்தது.

இப்போது இருக்கும் இரண்டாவது இடம் பரவாயில்லை. ஆனால் கணக்கைக் கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது மாதம் 38 ஆயிரம். ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதாவது 6,840. அட்டெண்டர் 18 ஆயிரம். டயப்பர் 4,500. பிசியோதெரபி பத்து நாளைக்கு 5 ஆயிரம். கூட்டிப் பாருங்கள்: 72,340 ரூபாய். விளம்பரத் தொகையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருஷத்துக்கு 10 சதவிகிதம் ஏற்றுவோம் என்றும் எழுதியிருக்கிறது. அந்த 38 ஆயிரமே ஐந்து வருஷத்தில் 61 ஆயிரத்தைத் தாண்டிவிடும். மற்றதெல்லாம் தனி.

இந்த வரியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அரசோ, வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25 ஆயிரம் வரை வாங்கினால், 60 வயது தாண்டியவர்களுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்று 2018-ல் அறிவித்தார்கள். தனியார் கம்பெனிக்கு அது பொருந்தாது. அது அறக்கட்டளையா, கம்பெனியா என்று கேட்காமல் சேர்ப்பதற்கே ஒரு விலை இருக்கிறது.

மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்பீர்கள். அது பொதுவாக ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். இல்லத்தில் படுத்தால் தராது. 70 வயது தாண்டியவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2024-ல் விரிவாக்கியதும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். முதுமையில் பெரும்பாலான நாட்கள் ஆஸ்பத்திரியில் கழிவதில்லை. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே கழிகின்றன. அந்தப் பத்தடி தூரத்துக்கு இந்த நாட்டில் இன்ஷூரன்ஸ் இல்லை.

ஜப்பானில் இருக்கிறது. 2000-ம் ஆண்டிலிருந்து அங்கே 40 வயது ஆன ஒவ்வொருவரும் முதுமைப் பராமரிப்புக்கென்றே தனியாக பிரீமியம் கட்டுகிறார்கள். தேவை வரும்போது செலவில் பத்தில் ஒரு பங்கு, வசதியுள்ளவர்கள் கொஞ்சம் அதிகம், கையிலிருந்து கொடுத்தால் போதும். ஜெர்மனி இதை 1995-லேயே ஆரம்பித்துவிட்டது. நாம் என்ன செய்தோம்? ‘தாயிற் சிறந்த கோயிலில்லை’ என்று ஆட்டோவுக்குப் பின்னால் எழுதி வைத்தோம்.

*

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு குண்டலப்புலியூரை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 2023 பிப்ரவரி. அங்கே நடந்துவந்த ‘அன்பு ஜோதி’ ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பெரியவரைக் காணோம் என்று அவரது உறவினர் தரப்பில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸும் அதிகாரிகளும் உள்ளே போனார்கள். முதியவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் என்று 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடித்தார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள், பலரைக் காணோம் என்றெல்லாம் புகார்கள். முறையான அனுமதி இல்லாமல் நடந்தது என்று அதிகாரிகளே சொன்னார்கள். நடத்தியவர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

குற்றத்தைத் தீர்மானிப்பது கோர்ட் வேலை. என் கேள்வி வேறு. அந்த இடம் காட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. பல வருஷங்களாக நடந்திருக்கிறது. 140 பேர் இருக்கிற இடத்துக்கு அரிசி போயிருக்கும், பால் போயிருக்கும். பிறந்தநாள் அன்னதானம் போட நல்ல மனசுக்காரர்களும் போயிருப்பார்கள். ஒருவர்கூட ‘லைசென்ஸ் எங்கே?’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஏன்? ‘அநாதைகளைப் பார்த்துக்கிறாங்க, அவங்களைப் போய் எப்படிக் கேக்கறது?’ நம் வெட்கத்துக்குக் கருணை என்று இன்னொரு பெயர் உண்டு. அதுவும் கேள்வி கேட்காது.

குண்டலப்புலியூரில் இருந்தவர்களிடம் பணம் இல்லை. தாம்பரத்தில் இருப்பவர்களிடம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் கேட்பாரில்லை.

அரசைச் சும்மா விடலாமா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது 2007-ல். அதன் 19-வது பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தபட்சம் ஒன்று, அதில் 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி, மாநில அரசு முதியோர் இல்லங்களை ‘அமைக்கலாம்’ என்கிறது. அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அமைக்கலாம். இந்த ‘லாம்’ என்கிற இரண்டெழுத்தில் எத்தனையோ கிழவர்களும் கிழவிகளும் தெருவில் படுத்திருக்கிறார்கள்.

அதே சட்டத்தில் பிள்ளைகள் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு மாதம் 10 ஆயிரம்தான் உச்சவரம்பு. 2007-ல் போட்டது. என் அத்தையின் டயப்பருக்கும் பிசியோதெரபிக்குமே அது சரியாகப் போய்விடும். அந்த வரம்பை எடுக்கவும், தனியார் இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வைக்கவும் 2019-ல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமலே 2024-ல் மக்களவையோடு சேர்ந்து காலாவதி ஆனது. 2019-லேயே மத்திய அரசு ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி விதிமுறைகளும் வெளியிட்டது. மாதிரி என்றால், மாநிலங்கள் விரும்பினால் பின்பற்றலாம். மறுபடியும் ‘லாம்’.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. 2025-26 பட்ஜெட்டில் முதியவர்கள் பகலில் இருக்க 25 ‘அன்புச்சோலை’ மையங்களை மாநில அரசு அறிவித்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் 2011 சென்சஸ்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 தாண்டியவர்கள். சாயங்காலம் சோலை மூடிய பிறகு அவர்கள் எங்கே போவது?

*

“அந்தக் காலத்துல இதெல்லாம் உண்டா? வெள்ளைக்காரன் பழக்கம்” என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு தகவல். சென்னை ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் இருக்கிறது. 1782-ல் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம். இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர் அங்கேதான். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெயர் வந்த கதையும் அதுதான். பிறகு அந்தச் சத்திரம் ஆதரவற்ற முதியவர்களின் இல்லமானது. ஆதரவற்ற வயதான பெண்களுக்காகச் சென்னையில் சாவித்திரி வைத்தி ‘விச்ராந்தி’யைத் தொடங்கியது 1978-ல். கைவிடப்பட்ட முதியவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். கணக்கெடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

‘கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்’ என்பதும் பாதிப் பொய். எந்தப் பிள்ளை மலஜலம் எடுத்தான்? மருமகள் எடுத்தாள். அவள் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் கேட்கவில்லை, வாய் திறக்கவில்லை. ஆகவே கூட்டுக் குடும்பம் இனித்தது. இன்று அவள் காலை எட்டு மணிக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கிறாள். உடனே ‘பண்பாடு போச்சு’ என்று அலறுகிறோம். போனது பண்பாடு இல்லை சார், இலவச வேலையாள்.

அப்படியென்றால் எல்லோரும் அம்மா, அப்பாவை இல்லத்தில் சேருங்கள் என்கிறேனா? இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தவர்கள் பாருங்கள். முடியாதவர்கள் ஒளியாதீர்கள். ஒளிகிறவனைத்தான் ஏமாற்ற முடியும். சேர்ப்பதென்று முடிவு செய்தால் இவற்றைச் செய்யுங்கள்:

ஒன்று. முதலில் கேட்க வேண்டியது அம்மாவை. “உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?” என்ற கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறோம், அல்லது கேட்பதே இல்லை. விழுவதற்கு முன்பே, புத்தி தெளிவாக இருக்கும்போதே, அவரையும் கூட்டிப்போய் இரண்டு, மூன்று இடம் பாருங்கள். முடிந்தால் ஒரு வாரம் தங்க வைத்துப் பாருங்கள்.

இரண்டு. ரிசப்ஷனைப் பார்க்காதீர்கள். சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். மூக்கைத் திறந்து வையுங்கள். மூத்திர வாடை அடித்தால் வேறெதுவும் விசாரிக்க வேண்டாம். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை அட்டெண்டர், நர்ஸ் யார், டாக்டர் எப்போது வருவார் என்று கேளுங்கள். அங்கே இருக்கும் முதியவர்களோடு தனியாகப் பேசுங்கள். பேச விடாத இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்று. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்ச் சரி பாருங்கள். மனநோய் சிகிச்சையும் தருகிறோம் என்றால், 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். அதையும் கேளுங்கள்.

நான்கு. மாதத்தொகையைக் கேட்காதீர்கள். போன மாதம் ஒருவருக்குப் போட்ட முழு பில்லைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துவிட்டு. டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு பிடிப்பார்கள், வருஷா வருஷம் எவ்வளவு ஏறும், இடையில் போகச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம், அம்மாவின் நிலைமை மோசமானால் வைத்துக்கொள்வார்களா எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழிலும் கேளுங்கள்.

ஐந்து. இது வயதானவர்களுக்கு. வீட்டைப் பிள்ளை பேருக்கு தான செட்டில்மென்ட் எழுதும்போது ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்காவிட்டால் 2007 சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அப்படியொரு நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பிரிவு உதவும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு ஆதரவாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. எதற்கு வம்பு? எழுதிவிடுங்கள். மகன் கோபித்துக்கொண்டால், எழுதச் சொன்னது சரிதான் என்று தெரிந்துவிடும்.

ஆறு. பொய் பில்லோ, படுக்கைப்புண்ணோ, அடியோ, புகார் செய்யுங்கள். ஆர்.டி.ஓ. தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. பிள்ளைகள் மேல் ஜீவனாம்சம் கேட்க, பத்திரத்தை ரத்து செய்ய அங்கே போகலாம். வக்கீல் வேண்டாம். இல்லத்தின் மேல் புகார் என்றால் நுகர்வோர் கோர்ட்டும் சமூக நலத் துறையும் இருக்கின்றன. முதியோர் உதவி எண் 14567. நாங்கள் செய்யவில்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஹோட்டலிலும் லைசென்ஸை மாட்டி வைக்கச் சொல்கிறீர்களே, இட்லிக்கு இருக்கிற அக்கறை அம்மாவுக்கு இருக்கக் கூடாதா? பதிவு எண், கட்டணப் பட்டியல், கடைசியாக இன்ஸ்பெக்‌ஷன் நடந்த தேதி, புகார் எண். இந்த நான்கையும் வாசலில் எழுதி மாட்டு என்று ஒரு உத்தரவு போட எத்தனை நிமிஷம் ஆகும்?

மேல்மலையனூரிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். குங்குமத்தையும் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தேன். மகன் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

“அவன் ஏன்டா பொய் சொல்றான்? நான் இன்னா ஓசியிலயா இருக்கேன்? உங்க மாமா பென்ஷன் பணம் இங்க கட்டுது, நிலத்துக் குத்தகைப் பணம் கட்டுது, மிச்சத்தை அவன் கட்டறான். அடுத்த அமாவாசைக்கு என்னைக் கார்ல கூட்டிக்கிட்டுப் போங்க. யார் கேட்டாலும் நானே சொல்லிக்கிறேன், எங்க இருக்கேன்னு.”

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எல்லாம் சரி. ஒரு வாரமா சாம்பார்ல உப்பே இல்ல. அதை இங்க யாருகிட்ட சொல்லணும்னு மட்டும் கேட்டுச் சொல்லிட்டுப் போ.”

விசாரித்தேன். இதுவரை யாருக்கும் தெரியவில்லை.